வெயில் படாத மணல்

ஆறு வற்றிப்போன பிறகும் ஆற்றின் வாய் மட்டும் மிச்சமிருந்த ஊர் ஒன்று தெற்குக் கடற்கரையில் உண்டு, பழையவாய் என்று பேர். அங்கே ஒரு பங்குனி மாதம் நிலவியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள், பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்தார்கள், ஊர்க் குழாயில் பல் விளக்கினார்கள், பிறகு ஆற்றுக்குள் இறங்கி ஆள் உயரத்துக்கும் மேலான பிளாஸ்டிக் குழாயைச் சம்மட்டியால் அடித்துச் சேற்றுக்குள் இறக்கி, முக்காலி நிறுத்திச் சங்கிலி போட்டு அதைப் பிடுங்கி எடுத்தார்கள். குழாயோடு வந்த மண்ணை அவர்கள் கோர் என்றார்கள். ஊர் அதை மண்கரும்பு என்றது. பொருத்தமான பேர்தான், கணுக்கணுவாக ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கியது.

கூட்டி வந்த ஹெப்சிபா மேடம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று பாடம் நடத்தினார். கறுப்புக் களி இருந்தால் ஆறு படுத்துக் கிடந்த காலம், வெள்ளை மணல் இருந்தால் ஆறு ஓடிய காலம், சிப்பித்தூள் இருந்தால் கடல் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன காலம் என்றார். வயது பார்க்க வேண்டிய மணலை மட்டும் இருட்டறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில்தான் பிரிக்க வேண்டும், ஏனென்றால் மணலுக்கு ஞாபகம் உண்டு, மண்ணுக்குள் புதைந்த நாளிலிருந்து இருட்டிலேயே கிடந்து கணக்கு வைத்துக்கொண்டிருக்கும், ஒரே ஒரு தடவை வெயில் பட்டால் போதும், எல்லாம் மறந்துபோகும் என்றும் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்த உப்பளத்துப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு ஒன்றும் மறக்கவில்லையே என்று சிரிப்பு.

பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறைக்குக் கறுப்புத் தார்ப்பாய் அடித்து, சிவப்பு பல்பு மாட்டி, குழாயை நீளவாக்கில் அறுத்து, உள்ளே இருந்த மண்ணை மேலிருந்து கணுக்கணுவாக மெல்லிய கம்பியால் பிளக்கத் தொடங்கியபோது, மண் பேச ஆரம்பித்தது.

மேல் கணுவில் அதிகம் ஒன்றுமில்லை, நாய் குரைத்தது, மணல் லாரி ஒன்று பின்னால் நகரும்போது போடும் பீப் பீப் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு விரல்கடைக் களியில் யாரோ ஒரு கிழவர் இருமினார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்த கீழத்தெருக் கொம்பையா, அது எங்கய்யா இருமல் என்றான், தொண்டை செருமி முடிக்கும் விதத்தை வைத்து அடையாளம் சொன்னான். மேடம் அவனைத் தார்ப்பாயை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, மணல்மணியோட அளவு எழுதியாச்சா என்று கேட்டார்.

பழையவாய் எதற்கும் அதிகம் அதிர்ச்சியடைகிற ஊர் இல்லை. சாயங்காலத்துக்குள் வரிசை நின்றது. ஊர்த்தலைவர் தவசிமுத்து வந்து ஒழுங்கு பண்ணினார், கீழத்தெரு இன்றைக்கு, மேலத்தெரு நாளைக்கு, தீட்டுக்காரர்கள் வரக் கூடாது, செருப்பை வெளியே விட வேண்டும், கோருக்கு முன்னால் சூடம் ஏற்றக் கூடாது, வெளிச்சம் ஆகாதாம். சுக்குக்காபி விற்கும் சொர்ணம் பள்ளிக்கூட வாசலில் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஒருவன் தன் கல்யாணத்து ரேடியோ செட்டைக் கேட்டு அழுதான், ஒரு மாமியார்க்காரி தான் மருமகளைப் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு இது மண்ணு இல்ல, பேய் என்று எழுந்து போனாள், எங்க தாத்தா காலத்துக்கு இம்புட்டுக் களிதானா, அவரு எண்பது வருசம் இருந்தாரே என்று ஒருவர் மேடத்திடம் சண்டைக்கு நின்றார். இயந்திரம் வைத்துத் துளைத்து மிகவும் ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளும் மரப்பெட்டியில் இருந்தன, அவற்றில் காதை வைத்தால் கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. மனுஷன் பிறக்காத காலம், அதில் யாரைப் பற்றியும் ஒன்றும் இல்லை என்பதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

வரிசையில் நிற்காதவள் பூமயில் ஒருத்திதான். அவளுக்கு எந்தக் கணு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், அது வருவதற்காகத் தார்ப்பாய் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில், விடிவதற்கு முந்தி, மேலே அணையை வைத்திருந்தவர்கள் யாருக்கும் சொல்லாமல் மதகைத் திறந்துவிட்டார்கள். பழையவாயில் வீடென்று ஒன்று நிற்கவில்லை. ஆனால் ஜனங்கள் அத்தனை பேரும் எப்படியோ எழுந்து பிள்ளைகுட்டிகளோடு மேட்டுக்கு ஏறியிருந்தார்கள், ஒரே ஒரு ஆள் தவிர. அவன் பலவேசம், நண்டு பிடிக்கிறவன், பூமயிலின் புருஷன். பூமயில் அன்றைக்கு ஊரில் இல்லை, தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு அணைக்காரர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, தவசிமுத்துவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். அன்றைக்கு மதகு திறக்கவே இல்லை, ஆற்றில் வெள்ளம் வரவே இல்லை, ஓலை வீடுகள் மழையில் விழுந்தன என்று ஊர் முழுக்கக் கைநாட்டு வைத்தால் வீட்டுக்கு வீடு காங்கிரீட் வீடு. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பழையவாய்க்குக் கிடைத்தது, காங்கிரீட்டில்.

வெள்ளம் இல்லையென்றால் சாவும் இல்லை. சாவு இல்லையென்றால் பலவேசம் எங்கே? அந்தக் கேள்விக்கு ஊர் ஒன்றுகூடி ஒரு பதிலைப் பெற்றெடுத்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் ஏனம் கொடுக்க வரும் பாத்திரக்காரி ஒருத்தி அந்த ஐப்பசிக்குப் பிறகு ஊருக்குள் வரவில்லை, அவளோடு போய்விட்டான் என்றார்கள். ஊரில் பழைய துணி என்று ஒரு கந்தல்கூட மிஞ்சாததால் அவள் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பூமயில் வந்து பார்த்தபோது அவளுடைய வெள்ளாடு மட்டும் கயிறு அறுத்த நிலையில் மேட்டில் நின்றது. பாரு, ஓடிப்போறவன் ஆட்டை அவுத்து விட்டுட்டுப் போயிருக்கான், நல்ல மனசு என்றார்கள்.

அன்றிலிருந்து பழையவாயில் அவளைப் போல மரியாதை பெற்ற சுமங்கலி கிடையாது. வளைகாப்பா, பெண்ணழைப்பா, பூமயிலைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், கோயிலில் குங்குமத் தட்டு அவளிடம்தான் முதலில் வரும், அவள் தாலிக்கயிறு நைந்தால் அக்கம்பக்கத்துப் பெண்களே புதுக்கயிறு வாங்கி மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் நெற்றியில் பொட்டு இருக்கும்வரை ஊருக்கு வெள்ளம் வரவில்லை. இப்படி முழுப் பூசணிக்காயை ஒரு பெண்பிள்ளையின் நெற்றியில் மறைத்து வைத்திருந்தார்கள், பாவிகள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் கணு வந்தது. உள்ளங்கை கனத்துக்கு வெள்ளை மணல். மேடம் அதைப் பார்த்ததும் பெரிய வெள்ளம், அதுவும் ஒரே மூச்சில் வந்த வெள்ளம் என்றார். அறைக்குள் இருந்த ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கம்பி இறங்கியது. தண்ணீர் இரைகிற சத்தத்துக்கு நடுவே ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான், கதவு கதவாகத் தட்டினான்.

"கொம்பையா, ஏல கொம்பையா, எழும்புல. அணையத் தொறந்துட்டானுவ. புள்ளயளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறு."

"ஆங், எழும்பிட்டேன்" என்று சிவப்பு வெளிச்சத்தில் நின்ற கொம்பையா பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டான்.

குரல் தெரு வழியே வந்தது. பேர் பேராக, வாசல் வாசலாக, ஒரு வீட்டை விடாமல் வந்தது. அந்தப் பேர்க்காரர்கள் பலர் அந்த அறையிலேயே நின்றார்கள், தங்கள் பேர் வரும்போது ஒவ்வொருவரும் ஒரு அடி பின்னால் நகர்ந்ததில் கடைசியில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தவசிமுத்து வீட்டு வாசலில் குரல் நின்றது. அண்ணாச்சி, நீங்க மதினியப் புடிங்க, தொட்டில்ல கெடக்க புள்ளய நான் தூக்கிக்கிடுதேன் என்றது. தண்ணீரில் இரண்டு பேர் நடக்கும் சத்தம், குழந்தை அழும் சத்தம், மேட்டில் ஏறும் சத்தம். பிறகு அதே குரல், இந்த முறை நிதானமாக: "இந்தாங்க, புள்ளயப் புடிங்க. நான் ஒரு எட்டு எங்க வீட்டுக்குப் போயிட்டு வந்திருதேன்."

தண்ணீருக்குள் இறங்கும் காலடி கேட்டது. அதற்கு மேல் கேட்பதற்குள் தவசிமுத்து பக்கத்தில் கிடந்த கறுப்புத் துணியை எடுத்துக் கோரின் மேல் போட்டார். பொம்பளப்புள்ள மயங்கி விழுந்திருவா, மிச்சத்தை நாளைக்குக் கேப்போம் என்றார். பூமயில் மயங்கவில்லை. அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டுக்கு ஏறியிருக்கிறான், பிள்ளையைக் கையில் கொடுத்திருக்கிறான், அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான். வீட்டில்தான் யாரும் இல்லையே. ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குத் திரும்பிப் போனான்? இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அவன் எங்கே போனான் என்பது, இப்போது தெரிய வேண்டியது இந்த ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. மேடம் நாளை மறுநாள் கோரைக் கறுப்புக் குழாயில் அடைத்துக் கொண்டுபோய் வயது பார்க்கப் போகிறார், வெள்ளம் வந்த வருஷம் தெரிந்துவிடும், பிறகு கைநாட்டு பொய்யாகும், வீடுகள் என்னாகும் என்று பேச்சு. கோரைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம் என்றான் ஒருவன். தவசிமுத்து அவனைக் கடிந்துகொண்டார். நம் முன்னோர் குரல் குடியிருக்கிற மண், அதைக் கடலில் போடுவது பாவம், அதற்குச் செய்ய வேண்டிய மரியாதையை நாம் இன்னும் செய்யவே இல்லை என்றார். எல்லாருக்கும் உடனே புரிந்தது. மேடம் முதல் நாள் சொன்னது எல்லார் காதிலும்தான் விழுந்திருந்தது.

மறுநாள் தவசிமுத்து வீட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடா விருந்து. மூன்று நாளாக உப்புமா தின்றவர்கள், இலையில் குனிந்தவர்கள் நிமிரவில்லை. மேடத்துக்கு மட்டும் ஈரல் தனியாக வந்தது. மேளச்சத்தம் கேட்டு அவர் எழுந்து தெருவுக்கு வந்தபோது, உச்சி வெயிலில், ஊரே திரண்டு, கோரை ஒரு பலகையில் மல்லாக்கக் கிடத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, தலைக்கு மேல் சுமந்துகொண்டு நான்கு தெருவும் சுற்றி வந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வெயில் மணலுக்குள் இறங்க இறங்க, தண்ணீர் இரைச்சல் தேய்ந்தது, இருமல் நின்றது, நாய் குரைப்பதும் நின்றது, மேளம் மட்டும் மிஞ்சியது. ஊர்வலத்துக்கு முன்னால் நிறைகுடம் எடுத்து வர ஒரு சுமங்கலி வேண்டுமே, பூமயிலைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் வருவது என்ன என்று அவளுக்குத் தெரிவதற்குள் இரண்டு தெரு சுற்றி முடிந்திருந்தது. குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து மண்ணில் காதை வைத்தாள். சுட்டது.

இனிமேல் இது இன்றைக்குப் பிறந்த மணல் என்றார் மேடம். இன்னொரு குழாய் அடித்து எடுக்கிறேன் என்றார். ஊர் விடவில்லை. ஆறு இப்போது தெய்வமாகிவிட்டதே, தெய்வத்தைச் சம்மட்டியால் அடிக்கலாமா? வேனில் ஏறும்போது மேடம் பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "அந்த மணல் அந்தக் குழாயில மட்டும் இல்லம்மா. கீழத்தெரு முழுசும் அது மேலதான் உக்காந்திருக்கு. வீடு கட்ட மேல அடிச்ச மண்ணுக்குக் கீழ, ஒரு முழ ஆழத்துல, வெயில் படாமத்தான் கெடக்கு."

பூமயிலுக்குக் கொடுத்த வீடு மேட்டில் இருந்தது. மேட்டுக்கு வெள்ளம் ஏறியதில்லை, அங்கே அந்த மணல் கிடையாது. அவளுடைய பழைய வீடு இருந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கீழத்தெருவில் அவள் கடப்பாரையோடு நடந்தால் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வந்து என்ன மதினி எங்க என்று அன்பாகக் கேட்டு, அன்பாகக் கடப்பாரையை வாங்கி வைத்துக்கொள்வார். அந்த வருஷம் கீழத்தெருவில் ஒரு வாழைக்கன்றுகூட நடவில்லை. வேலிக்குத் துளை போடவில்லை. செத்த நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவள் உப்பளத்துக்குப் போனாள், வந்தாள், பொட்டு வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் கீழத்தெருவில் தவசிமுத்து வீட்டில் அவர் மகள் செல்வக்கனிக்குக் கல்யாணம் வைத்தார்கள். அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவள் அவள்தான். பந்தக்காலை ஒரு தகர டின்னில் நிறுத்திவிடலாம் என்றுதான் தவசிமுத்து நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்கள், பந்தக்கால் மண்ணில் ஊன்றாமல் கல்யாணமா, அபசகுனம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரி, ஒரு சாண் தோண்டினால் போதும் என்று முடிவாயிற்று. முதல் குத்து குத்துவதற்குச் சுமங்கலிகளில் மூத்தவளைக் கூப்பிட வேண்டும். பூமயில் கூப்பிடாமலே வந்து நின்றாள். புதுச்சேலை, பூ, நெற்றி நிறையக் குங்குமம், கையில் கடப்பாரை.

தவசிமுத்து, நீ எதுக்குத் தாயி சிரமப்படுத, வேற யாரும் குத்தட்டும் என்றார்.

"ஏன் அண்ணாச்சி? நான் சுமங்கலி இல்லியா?"

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்விக்குத் தவசிமுத்துவிடம் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்த பதில் ஒன்றுதான் இருந்தது. "யாரு சொன்னா? குத்து" என்றார்.

அவள் குத்தினாள். ஒரு சாண் வந்தது, போதும் மதினி என்றான் கொம்பையா. அவள் நிறுத்தவில்லை. நவதானியத் தட்டையும் பால் சொம்பையும் ஏந்திய பெண்கள் அசையாமல் நிற்க, ஒரு முழமும் வந்தது, கடப்பாரை முனை வெள்ளை மணலுக்குள் மெத்தென்று இறங்கியது. குழிக்குள்ளிருந்து, இந்தாங்க, புள்ளயப் புடிங்க என்றது அவன் குரல். காலை வெயில் குழியின் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. பூமயில் கடப்பாரையைப் போட்டுவிட்டு, குழியின் மேல் குப்புறப் படுத்து, முந்தானையை விரித்துத் தலையோடு சேர்த்துக் குழியை மூடிக்கொண்டாள்.

மார்பளவுத் தண்ணீரில் ஒருவன் நடந்தான். தாழ்ப்பாள் திறந்தது. ஆடு கத்தியது. கயிறு ஈரத்தில் இறுகியிருக்க வேண்டும், அவிழ்க்கப் பார்த்தான், கத்தி தேடினான், பல்லால் கடித்தான், இதெல்லாம் கேட்டது. பிறகு அவன் ஆட்டோடு பேசினான். பக்கத்தில் குனிந்திருந்த சொர்ணத்துக்கும் அது கேட்டது, அவள்தான் பின்னால் ஊருக்குச் சொன்னாள்.

"போ, மேட்டுக்கு நீந்திப் போயிரு. அவ வந்து ஆடு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம்தான்.

பூமயில் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் கடைசிவரை கேட்டாள். எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள், தோல் சிவந்தது. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தலை வழியே கழற்றி, படுக்கவைத்திருந்த பந்தக்காலில், மாவிலைக்கும் மஞ்சள் துணிக்கும் நடுவில் சுற்றிக் கட்டினாள், அவிழாமல் இருக்க மூன்று முடிச்சும் போட்டாள். பிறகு தவசிமுத்துவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பம் வெள்ளம் வந்துட்டு அண்ணாச்சி" என்றாள்.

கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். பின்னால் யாரும் போகவில்லை. செல்வக்கனி மட்டும் உள்ளறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. அந்தக் காலைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு கால் வெட்டி வந்தார்கள், சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் கொஞ்சம் புத்தி சரியில்லாதவள் என்று சொல்லப்பட்டது, அவர்களும் பாயசத்தை வாங்கிக்கொண்டு நம்பினார்கள். பூமயிலை அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. இவ்வளவு காலம் கழித்து அவள் அறுதலி என்று ஊர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இன்றைக்கும் பழையவாயில் பந்தக்காலை மண்ணில் ஊன்றுவதில்லை. பெரிய பெயின்ட் டின்னில் நிறுத்தி, சுற்றிலும் மணல் போட்டு இறுக்குகிறார்கள். மணலை வெளியூரிலிருந்து விலைக்கு வாங்குகிறார்கள். வந்து இறங்கியதும், மாதம் எதுவானாலும், முகூர்த்தம் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தாலும், அதைத் தெருவில் மெல்லிசாகப் பரப்பி, காலால் கிளறிக் கிளறிவிட்டு, ஒரு முழு நாள் வெயிலில் நன்றாகக் காயப்போட்ட பிறகுதான் டின்னுக்குள் கொட்டுகிறார்கள்.